செல்ஃப் எடுக்காத காரும் ஸ்கேனர் காட்டும் குறியீடும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சாவியைத் திருகியும் வண்டி கிளம்பவில்லை என்றதும் ஸ்கேனரைச் செருகி, திரையில் வரும் குறியீட்டைப் படித்து, அதில் பெயர் இருக்கும் உதிரிபாகத்தை வாங்கி மாட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பி 0335 என்று வந்தால் எஞ்சினின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார், பி 0615 என்று வந்தால் செல்ஃபுக்குக் கட்டளை மின்சாரத்தைத் திறந்துவிடும் செல்ஃப் ரிலே என்று கடைக்கு ஆள் ஓடுகிறது. புதுப் பாகம் மாட்டிய பிறகும் பழைய குறை அப்படியே நிற்கும்போதுதான் ஒயரிங்கைப் பிரிக்கிறோம். குறியீடு தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. பி 0335 என்பதன் பொருள், கிராங்க் சென்சாரின் மின்சுற்றிலிருந்து எதிர்பார்த்த சமிக்ஞை வரவில்லை என்பது மட்டுமே. சென்சார், அதன் கனெக்டர், எஞ்சினை நடத்தும் கணினியான ஈசிஎம் வரை ஓடும் ஒயர்கள், சென்சார் எண்ணும் பல்சக்கரம், கடைசியாக ஈசிஎம் ஆகிய எல்லாமே அந்தத் தெருவில்தான் குடியிருக்கின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி தன் பிழைகளைத் தானே கண்டு குறியீடாகப் பதிவுசெய்யும் ஓபிடி என்ற இந்த ஏற்பாடு வண்டியைக் கிளப்புவதற்காகப் பிறந்தது அல்ல. புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி 2 கட்டாயமானதும், இந்தியாவில் பிஎஸ் 4, பிஎஸ் 6 விதிகளோடு சேர்ந்து அது வந்ததும் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியாகத்தான். ஆகவே எரிபொருளையும் காற்றையும் அளக்கும் சென்சார்களுக்கு அதில் அடுக்கடுக்காகக் கண்காணிப்பு உண்டு. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான கார்களில் எந்தக் கண்காணிப்பும் கிடையாது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும், எர்த் கேபிளின் போல்ட் துருப்பிடித்திருந்தாலும், பேட்டரி மின்சாரத்தைச் செல்ஃப் மோட்டாரோடு இணைக்கும் சொலினாய்டின் செம்புத் தகடு கருகியிருந்தாலும் ஸ்கேனர் ‘பிழை ஏதும் இல்லை’ என்றே சொல்லும். அந்தச் சொல்லை நம்பி ஈசிஎம்மைச் சந்தேகிக்கத் தொடங்கினால் நாள் முழுவதும் வீணாகும்.

எழுத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. குறியீட்டின் முதல் எழுத்து அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைக் காட்டும்: எஞ்சின், கியர்பாக்ஸ் சார்ந்த பவர்டிரெயின், பாடி, சேசிஸ், கணினிகளுக்கு இடையிலான தொடர்பு வலை என நான்கு பிரிவுகள். பவர்டிரெயினின் முதலெழுத்தும் பாடியின் முதலெழுத்தும் தமிழில் ‘பி’ என்றே ஒலிப்பதால், தொலைபேசியில் குறியீட்டைக் கேட்டு எழுதும்போது இரண்டும் குழம்பிப்போகின்றன. இங்கே ‘பி’ என்று வருவதெல்லாம் பவர்டிரெயின். தொடர்பு வலைக்குரியவை ‘யு’. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தந்தத் தயாரிப்பாளர் வகுத்துக்கொண்டது. அதன் பொருளை அந்த மாடலுக்குரிய பட்டறைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பொதுப் பட்டியலில் பார்க்கக் கூடாது.

தொடங்கும் முன்

பேட்டரி மின்னழுத்தத்தை அளக்காமல் எந்தக் குறியீட்டையும் நம்ப வேண்டாம். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், கிளாம்பின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே மல்டிமீட்டரின் முனைகளை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றுங்கள். செல்ஃப் சுழலும்போது மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால், வண்டியில் உள்ள கணினிகள் ஒவ்வொன்றாக அணைந்து மீண்டும் விழிக்கும். விழித்ததும் ஒவ்வொன்றும் மற்றதைக் காணவில்லை என்று புகார் எழுதி வைக்கும். யு 0100, யு 0140, யு 0155 என்று வரிசையாக வந்து நிற்கும் பட்டியலைப் பார்த்து, வண்டியின் ஒயரிங் முழுவதும் போய்விட்டதாக மிரண்டவர்கள் உண்டு. கூடவே பி 0562 இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பின் மின்னழுத்தம் குறைவு என்று சொல்லும் அந்த ஒன்று இருந்தால், மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

அடுத்து, எந்தக் குறியீட்டையும் அழிக்காமல் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இப்போது இருக்கும் பிழையா, முன்பு வந்துபோனதா, இன்னும் உறுதிப்படாமல் நிலுவையில் இருப்பதா என்பதையும், பிழை பதிவான கணத்தில் சேமிக்கப்பட்ட அளவீடுகளையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதிய பிறகு ஒருமுறை அழித்து, மறுபடியும் கிளப்பிப் பார்த்து, எது உடனே திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். திரும்பி வருவதுதான் இன்றைய நோய்.

மலிவான ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் பொதுவான பவர்டிரெயின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்ப விடாத இம்மொபிலைசரும், விளக்கு, கதவு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கணினியும் வைத்திருக்கும் பிழைகள் அவற்றின் கண்ணில் படாது. ஸ்கேனருக்கே உயிர் வரவில்லை என்றால், 16 முனைகள் கொண்ட அந்தச் சாக்கெட்டில் 16-ஆவது முனையில் பேட்டரி மின்னழுத்தமும், 4-ஆவது முனையில் எர்த்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அந்த 16-ஆவது முனை, சிகரெட் லைட்டர் போன்ற வேறொன்றோடு ஃபியூஸைப் பகிர்ந்துகொள்ளும். கைபேசிச் சார்ஜர் பழுதாகி ஃபியூஸ் போன வண்டியில் ஸ்கேனரும் இறந்து கிடக்கும்.

அறிகுறி 1: விளக்கே எரியவில்லை, சத்தமும் இல்லை

இதற்குக் குறியீடு தேட வேண்டியதில்லை. பேட்டரி, கிளாம்ப், பிரதான ஃபியூஸ், எர்த் கேபிள் என்ற வரிசையில் பாருங்கள். கிளாம்பைக் கையால் பிடித்து முறுக்கினால் அசையக் கூடாது. அசைந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அறிகுறி 2: டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை

குறியீடுகள் உண்மையில் பயன்படும் இடம் இதுதான். விளக்குகள் மங்கவில்லை என்றால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை; கட்டளை எங்கோ நின்றுவிட்டது. பழைய வண்டிகளில் சாவி நேரே சொலினாய்டுக்கு மின்சாரம் கொடுத்தது. இப்போது சாவி அல்லது பட்டன் ஒரு கோரிக்கையை மட்டும் அனுப்புகிறது. கிளட்ச் அழுத்தப்பட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சாவி நம்முடையதா என்று பார்த்த பிறகுதான் ஈசிஎம் ரிலேயை இயக்குகிறது. எந்தப் படியில் நின்றது என்பதைக் குறியீடு சுட்டும்.

பி 0512 செல்ஃப் கோரிக்கைச் சுற்றைச் சுட்டும். அதாவது சாவி சுவிட்ச் அல்லது பட்டனிலிருந்து வரும் செய்தியில் கோளாறு. பி 0705, பி 0850 ஆகியவை ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் நிலையைச் சொல்லும் சென்சாரையும் பார்க்-நியூட்ரல் சுவிட்சையும் குறிக்கும். பிரேக்கை அழுத்தியபடி லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுபோய், சற்று முன்னும் பின்னும் அசைத்துக் கிளப்பிப் பாருங்கள். பார்க்கில் எடுக்காதது நியூட்ரலில் எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. பி 0830 கிளட்ச் பெடல் சுவிட்சுக்குரியது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் பிரேக் சுவிட்சுக்குரிய பி 0571, பி 0504 ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பின்பக்கப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இவற்றில் கிளட்ச் சுவிட்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே குறியீடு பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹேட்ச்பேக் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பேட்டரியும் ரிலேயும் ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டிருந்தன. ஸ்கேனரில் எந்தப் பிழையும் இல்லை. சென்சார்களும் சுவிட்சுகளும் அந்தக் கணத்தில் சொல்வதை ஸ்கேனரில் காட்டும் நேரலை அளவீடுகளைத் திறந்து, கிளட்சை முழுவதுமாக அழுத்தியபோது ‘கிளட்ச் சுவிட்ச்’ என்ற வரி ‘ஆஃப்’ என்றே நின்றது. குனிந்து பெடலுக்குக் கீழே பார்த்தபோது, தரைவிரிப்பின் மேல் கடலைத் தோல் போல் நொறுங்கிய பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் நான்கைந்து கிடந்தன. பெடலின் கையில் உள்ள துளையில் ஒரு சிறு திண்டு பொருத்தப்பட்டிருக்கும். சுவிட்சின் ஊசியை அழுத்துவது அந்தத் திண்டுதான். வெயிலிலும் வயதிலும் அது நொறுங்கி விழுந்துவிட்டதால், ஊசி துளைக்குள்ளேயே போய்வந்தது, அழுத்தப்படவே இல்லை. சுவிட்ச் நல்லது, ஒயர் நல்லது, ஆகவே ஈசிஎம்மின் கண்ணில் பிழையே இல்லை. ஓட்டுநர் கிளட்சை அழுத்தவில்லை என்றுதான் அது நினைத்தது. குறியீடு இல்லாத இடத்தில் நேரலை அளவீடு பேசும். அதைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

இனி ரிலே சுற்று. பி 0615 பொதுவான பிழை. பி 0616 என்றால் சுற்றில் மின்னழுத்தம் குறைவு. பி 0617 என்றால் அதிகம். ‘குறைவு’ என்றதும் ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். அது பாதி உண்மை. பல கார்களில் ரிலே காயிலின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வரும். மறுமுனையை ஈசிஎம் எர்த் செய்து ரிலேயை இயக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது, காயில் வழியாக வரும் 12 வோல்ட்டைத் தன் முனையில் ஈசிஎம் எதிர்பார்க்கும். ஃபியூஸ் போயிருந்தாலும், காயில் அறுந்திருந்தாலும், ரிலேயே சாக்கெட்டில் இல்லாவிட்டாலும் அந்த 12 வோல்ட் வராது. அப்போதும் ‘குறைவு’ என்றே பதிவாகும். எனவே பி 0616 வந்தால் முதலில் ஃபியூஸ், அடுத்து காயில், அதன் பிறகே எர்த் ஆன ஒயர். சில தயாரிப்பாளர்கள் இந்தக் குறியீடுகளை ஈசிஎம்முக்கு வரும் செல்ஃப் சமிக்ஞைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதால், அளக்கும் புள்ளி எது என்பதை ஒயரிங் வரைபடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோதனை முறை இது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். இதை மறந்தால் வண்டி எதிரில் நிற்பவர் மேல் பாயும். ரிலேயைக் கழற்றுங்கள். சாதாரண ரிலேயில் 85, 86 என்பவை காயிலின் முனைகள். 30, 87 என்பவை சுவிட்சின் முனைகள். காயில் முனைகளுக்கு இடையே பெரும்பாலும் 60 முதல் 100 ஓம் வரை இருக்கும். அடுத்து, சாக்கெட்டில் 85, 86-க்கு இடையே எல்இடி டெஸ்ட் லேம்ப்பை வைத்து, ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். ஈசிஎம்மின் முனையில் பெரிய பல்பு வைத்துச் சோதிக்க வேண்டாம். அதன் மின்னோட்டத்தை உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காமல் போகலாம். விளக்கு எரிந்தால் கட்டளை வந்துவிட்டது. கிளட்ச், கியர், பட்டன், ஈசிஎம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் குற்றமற்றவர்கள் என்று விடுவித்துவிடலாம். எரியவில்லை என்றால் தேட வேண்டியது அந்தப் பக்கம்தான். அதன் பின் 30-இல் நிலையான 12 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்து, ஃபியூஸ் பொருத்திய ஒயரால் 30-ஐயும் 87-ஐயும் ஒரு நொடி இணையுங்கள். செல்ஃப் சுழன்றால் சொலினாய்டும் மோட்டாரும் தடித்த கேபிள்களும் நலம். சுழலாவிட்டால், 87-இலிருந்து சொலினாய்டின் மெல்லிய ஒயர் வரைக்கும் போங்கள். மழைக் காலத்தில் எஞ்சினின் சூட்டுக்கு எலி ஏறிக் கடிக்கும் இடங்களில் அந்த ஒயரும் ஒன்று.

அறிகுறி 3: ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது

‘டிக்டிக்டிக்’ என்று வேகமாக அடித்து டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது கிளாம்ப் பிடிக்கவில்லை. சொலினாய்டு மூடியவுடன் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, சொலினாய்டு விடுகிறது, மறுபடி மூடுகிறது. அந்தச் சுழற்சியின் ஒலிதான் அது. செல்ஃப் சுழலும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

ஒரே ஒரு கனமான ‘டக்’ வந்து அடங்கினால், கட்டளை சொலினாய்டு வரை போய்விட்டது. சிக்கல் தடித்த பக்கத்தில் இருக்கிறது. இங்கே ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். கேபிளைக் கழற்றி ஓம் அளப்பதில் பயனில்லை. 0.01 ஓம் தடையை மீட்டர் பூஜ்யம் என்றே காட்டும். ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே மின்சாரம் பாயும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலும், கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. எர்த் பக்கத்தில் சிவப்பு முனையை மோட்டாரின் உடலிலும் கறுப்பை நெகட்டிவ் ஈய முனையிலும் வையுங்கள், அங்கே 0.2 வோல்ட் அளவைத் தாண்டக் கூடாது. கடலோர ஊர்களில் இந்த எர்த் பக்கம்தான் முதலில் கெடுகிறது: கிளாம்ப் பளபளப்பாக இருக்கும், மறுமுனையில் கேபிள் பாடியைச் சந்திக்கும் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கும்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்து, மோட்டாரின் போல்ட்டில் போதிய மின்னழுத்தமும் இருந்து அது சுழலாவிட்டால், சொலினாய்டின் செம்புத் தகடும் கார்பன் பிரஷ்ஷும் பார்க்கப்பட வேண்டியவை. மோட்டாரின் மேல் லேசாகத் தட்டியதும் ஒருமுறை எடுத்தால், பிரஷ் தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தட்டு வண்டியைப் பட்டறை வரை கொண்டுவந்து சேர்க்கும். அதையே வைத்தியமாக வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு விதிவிலக்கு: வெள்ளத்தில் நின்ற, அல்லது தண்ணீரில் ஓடி அணைந்த காரில் இந்த ‘டக்’ கேட்டால் மறுபடி சாவியைத் தொடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் இப்படித்தான் போயின. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அழுந்தாது. வளைவது கனெக்டிங் ராடுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசல் என்றால் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இதற்கென்று எந்தக் குறியீடும் வராது.

அறிகுறி 4: செல்ஃப் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

செல்ஃப் சுழலும்போது நேரலை அளவீட்டில் எஞ்சின் வேகத்தைப் பாருங்கள். 150 முதல் 250 ஆர்பிஎம் போல ஏதாவது காட்டினால் கிராங்க் சென்சார் வேலை செய்கிறது. பூஜ்யம் என்றே நின்றால், பி 0335 இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேட வேண்டியது அந்தச் சுற்றில்தான். சில ஈசிஎம்கள் கிராங்க் சமிக்ஞையே வராதபோது எஞ்சின் சுழலவில்லை என்று எண்ணிக்கொண்டு குறியீடு எதையும் பதிவு செய்வதில்லை. மூன்று ஒயர் சென்சாரில் மின்வழங்கலும் எர்த்தும் வருகின்றனவா என்று கனெக்டரில் அளந்த பிறகே புதுச் சென்சாரைப் பற்றி யோசியுங்கள்.

வெயிலில் ஓடி வந்த வண்டியைத் தேநீருக்காகப் பத்து நிமிடம் நிறுத்திய பிறகு கிளம்ப மறுத்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினால், சூட்டில் தவறும் கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகிக்கலாம். விட்டுவிட்டு வரும் பிழை என்பதால் பி 0339 நிலுவையில் இருக்கக்கூடும். ஆறிய வண்டியில் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். குறை இருக்கும்போதே ஆர்பிஎம்மைப் படித்தாக வேண்டும்.

பி 0340, வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாருக்குரியது. பி 0016 கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். செல்ஃப் வழக்கத்தைவிட இலகுவாக, தடையில்லாமல் ‘விர்’ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அல்லது செயின் விட்டிருக்கலாம், மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும், எனவே உடனே நிறுத்துங்கள். பி 0230 எரிபொருள் பம்பின் மின்சுற்று. பி 0087 எரிபொருள் ரெயிலில் அழுத்தக் குறைவு, குறிப்பாகக் காமன் ரெயில் டீசல்களில். இக்னிஷனை ஆன் செய்ததும் பின் இருக்கைக்கு அடியில் இரண்டு நொடி கேட்கும் பம்பின் முனகல் பெட்ரோல் வண்டிகளில் ஒரு நல்ல சாட்சி.

ஒரு நொடி பிடித்து உடனே அணைந்தாலும், சாவிப் படமிட்ட விளக்கு மின்னினாலும் இம்மொபிலைசரைப் பாருங்கள். பி 0513 தவறான சாவி; பி 0633 சாவி ஈசிஎம்மில் பதிவாகவில்லை; யு 0167 இம்மொபிலைசர் கணினியோடு தொடர்பு இல்லை. இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்வதுதான் இங்கே செலவில்லாத சோதனை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட்டின் காசு வடிவப் பேட்டரி தீர்ந்திருந்தால், பல மாடல்களில் ரிமோட்டைப் பட்டனின் மேலேயே ஒட்டிப்பிடித்து அழுத்தினால் கிளம்பிவிடும்.

அறிகுறி 5: எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் நிற்கவில்லை

பி 0617 இருக்கலாம்; ரிலேயின் அல்லது சொலினாய்டின் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கும். முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். ரிலேயைப் பிடுங்கியதும் நின்றால் ரிலே அல்லது கட்டளைப் பக்கம், நிற்காவிட்டால் சொலினாய்டு.

சரிசெய்த பிறகு

குறியீடுகளை அழித்து, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் தலா இரண்டு மூன்று முறை கிளப்பி, மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள். நிலுவைப் பட்டியலையும் திறந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் நலமா என்று பார்ப்பதற்காக ஓடும் எஞ்சினில் கிளாம்பைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இந்த வண்டிகளில் செய்யாதீர்கள். அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் ஈசிஎம்மையே சாப்பிட்டுவிடும். சார்ஜ் அளவு சரியாக இருந்தும் இரவு நின்ற வண்டி காலையில் பி 0562-ஓடு விழித்தால், வண்டி அணைந்த நிலையில் பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் கொடுத்த பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள். பின்னாளில் கடையில் மாட்டிய டேஷ் கேமராவின் ஒயரிலிருந்து தொடங்குவது நல்லது.